நடுவண் சட்டத்தின் முதன்மை (இந்தியா)

நடுவண் சட்டத்தின் முதன்மை என்பது, ஒரே பொருள் குறித்து இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் ஒரு மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டமும் முரண்படும்போது நாடாளுமன்றத்தின் சட்டமே மேலோங்கும் என்னும் அரசியலமைப்பு விதி ஆகும். இவ்விதி இந்திய அரசியலமைப்பின் 254 ஆம் உறுப்பில் இடம்பெற்றுள்ளது. முரண்படும் மாநிலச் சட்டம் முழுவதும் அழிந்துவிடுவதில்லை. எந்த அளவுக்கு முரண்படுகிறதோ அந்த அளவுக்கு மட்டுமே அது செல்லாததாகிறது. (நடுவண் அரசு, மத்திய அரசு, ஒன்றிய அரசு என்பன ஒரே அரசைக் குறிக்கும் சொற்கள் ஆகும்.)

நடுவண் அரசு எதைச் சட்டமாக்கினாலும் மாநிலங்கள் அடங்கிப்போக வேண்டும் என்பது இவ்விதியின் பொருளன்று. அப்பொருள் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரம் யாருக்கு உரியது, இரு சட்டங்களுக்கும் இடையே உண்மையான முரண் உள்ளதா, மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறப்பட்டதா, அதன் பின்னர் நாடாளுமன்றம் மீண்டும் சட்டம் இயற்றியதா ஆகிய கேள்விகள் வரிசையாக எழுகின்றன. இவற்றின் விடையைப் பொறுத்தே எந்தச் சட்டம் நிற்கும் என்பது முடிவாகிறது. சல்லிக்கட்டு, மருத்துவக் கல்விச் சேர்க்கை, நில எடுப்பு, பெண்களின் சொத்துரிமை, ஆயுள் கைதிகளின் விடுதலை எனத் தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்ட பல சிக்கல்களில் இக்கேள்விகளே முடிவைத் தீர்மானித்தன.

தோற்றம்

பிரித்தானிய ஆட்சிக் காலத்தின் 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், சட்டமியற்றும் அதிகாரத்தைக் கூட்டாட்சிப் பட்டியல், மாகாணப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரித்தது. அச்சட்டத்தின் 107 ஆம் பிரிவு, பொதுப் பட்டியலில் உள்ள பொருள்களில் மாகாணச் சட்டமும் கூட்டாட்சிச் சட்டமும் முரண்பட்டால் பின்னதே மேலோங்கும் என்றது. 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு இதே அமைப்பைச் சில மாற்றங்களுடன் ஏற்றுக்கொண்டது. அன்றைய 107 ஆம் பிரிவின் வழித்தோன்றலே இன்றைய 254 ஆம் உறுப்பு.

அதிகாரப் பகிர்வு

அரசியலமைப்பின் 246 ஆம் உறுப்பும் ஏழாம் அட்டவணையும் சட்டமியற்றும் அதிகாரத்தை மூன்று பட்டியல்களாகப் பகிர்கின்றன. தொடக்கத்தில் நடுவண் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 பதிவுகள் இருந்தன. நடுவண் பட்டியலில் உள்ளவை குறித்து நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் இயற்றலாம். மாநிலப் பட்டியலில் உள்ளவை குறித்துப் பொதுவாக மாநிலச் சட்டமன்றமே சட்டம் இயற்றும். பொதுப் பட்டியலில் உள்ளவை குறித்து இரண்டும் இயற்றலாம். எப்பட்டியலிலும் இல்லாத பொருள்கள் 248 ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றத்தைச் சேரும்.

1976 ஆம் ஆண்டின் 42 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வி, காடுகள், எடை மற்றும் அளவைகள், காட்டு விலங்குகள் மற்றும் பறவைகளின் பாதுகாப்பு, நீதி நிருவாகம் ஆகிய ஐந்து பொருள்களை மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. முரண்பாடு எழக்கூடிய பரப்பு இதனால் விரிந்தது. மருத்துவக் கல்விச் சேர்க்கை தொடர்பான பிற்காலப் பூசல்களின் வேர் இத்திருத்தத்தில் உள்ளது.

சென்னையின் மேற்குப் புறநகர்: ஓர் எடுத்துக்காட்டு

மூன்று பட்டியல்களும் ஒரே நிலப்பரப்பில் எவ்வாறு ஒன்றன் மேல் ஒன்று படிந்துள்ளன என்பதை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய அண்டை ஊர்களைக் கொண்டு விளக்கலாம்.

- ஆவடியில் பீரங்கி வண்டிகளை உருவாக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961 இல் நிறுவப்பட்டது. நாட்டின் பாதுகாப்பும் படைக்கலன்களும் நடுவண் பட்டியலைச் சேர்ந்தவை. இவற்றில் மாநிலச் சட்டமன்றத்துக்கு இடமில்லை.
- அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் மாநில அரசால் உருவாக்கப்பட்டது. 'தொழில்கள்' என்பது மாநிலப் பட்டியலின் 24 ஆம் பதிவு. ஆயினும் பொதுநலன் கருதி ஒரு தொழிலைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதாக நாடாளுமன்றம் சட்டத்தால் அறிவித்தால், நடுவண் பட்டியலின் 52 ஆம் பதிவின்படி அது நடுவண் அதிகாரத்துக்குள் சென்றுவிடும்.
- பூந்தமல்லி வழியே செல்லும் சென்னை–பெங்களூர்ச் சாலை தேசிய நெடுஞ்சாலை; அது நடுவண் பட்டியலின் 23 ஆம் பதிவில் அடங்கும். அதிலிருந்து பிரியும் ஊர்ச்சாலைகள் மாநிலப் பட்டியலில் அடங்கும். பூந்தமல்லி நகராட்சி, ஆவடி மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளும் மாநிலப் பட்டியலையே சாரும்.
- தொழிற்சங்கங்கள், தொழிற்தகராறுகள், தொழிலாளர் நலம் ஆகியன பொதுப் பட்டியலில் உள்ளன. எனவே அம்பத்தூரில் ஒரு பட்டறைத் தொழிலாளிக்கு நடுவண் சட்டமும் மாநிலச் சட்டமும் ஒருங்கே பொருந்தலாம்.

இறுதியாகக் கூறப்பட்டதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. 1947 ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் பொதுப் பட்டியலுக்கு உரிய பொருளில் அமைந்த நடுவண் சட்டம். ஆனால் அதனைச் செயற்படுத்தும் 'உரிய அரசு', ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைக்கு நடுவண் அரசாகவும் அம்பத்தூரின் தனியார் பொறியியல் தொழிற்சாலைக்கு மாநில அரசாகவும் இருந்தது. சட்டம் நடுவணுடையதாக இருப்பதாலேயே ஆட்சியும் நடுவணுடையதாகிவிடாது. 2025 நவம்பர் 21 அன்று அச்சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்தது. 'உரிய அரசு' என்னும் பகுப்பு அதிலும் தொடர்கிறது.

254 ஆம் உறுப்பு

இவ்வுறுப்பு இரண்டு உட்பிரிவுகளைக் கொண்டது.

முதல் உட்பிரிவு பொது விதி. பொதுப் பட்டியலில் அடங்கிய பொருளில் மாநிலச் சட்டம் நடுவண் சட்டத்தோடு முரண்பட்டால், நடுவண் சட்டமே மேலோங்கும். நடுவண் சட்டம் மாநிலச் சட்டத்துக்கு முன்னர் இயற்றப்பட்டதா பின்னர் இயற்றப்பட்டதா என்பது பொருட்டன்று.

இரண்டாம் உட்பிரிவு விதிவிலக்கு. முரண்படும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஆய்வுக்காக ஒதுக்கப்பட்டு அவரது ஒப்புதலைப் பெற்றிருந்தால், அம்மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே மேலோங்கும். இந்தியாவின் பிற பகுதிகளில் நடுவண் சட்டம் மாற்றமின்றித் தொடரும்.

விதிவிலக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. அவ்வாறு ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தைக் கூட்டவோ திருத்தவோ மாற்றவோ நீக்கவோ நாடாளுமன்றம் பின்னர் எப்போது வேண்டுமானாலும் சட்டம் இயற்றலாம். எனவே ஒப்புதல் மாநிலச் சட்டத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது, அப்பாதுகாப்பு நிலையானதன்று.

முரண்பாட்டைக் கண்டறியும் முறை

நீதிமன்றங்கள் பொதுவாகப் பின்வரும் படிகளைப் பின்பற்றுகின்றன.

1. பட்டியல். மாநிலச் சட்டம் நடுவண் பட்டியலுக்கு உரிய பொருளில் இயற்றப்பட்டிருந்தால், அதிகாரமின்மை காரணமாகவே அது செல்லாது. முரண்பாட்டை ஆராயத் தேவையில்லை. 254 ஆம் உறுப்பின் கீழ்வரும் முரண்பாடு பொதுப் பட்டியலில் மட்டுமே எழும் என்று கோக்சட் மருந்து நிறுவன வழக்கில் (1983) உச்ச நீதிமன்றம் கூறியது.

2. உட்பொருள். சட்டம் ஒன்று பல பொருள்களைத் தொட்டுச் செல்லக்கூடும். அதன் மையப் பொருள் எது என்பதே பார்க்கப்படும். மையம் மாநிலப் பட்டியலில் இருந்தால், நடுவண் பட்டியலின் எல்லையைச் சற்றே தொடுவது குற்றமாகாது.

3. உண்மையான முரண். தீப் சந்த் வழக்கில் (1959) உச்ச நீதிமன்றம் மூன்று அளவுகோல்களைக் குறிப்பிட்டது: இரு சட்டங்களின் விதிகளும் நேரடியாக மோதுகின்றனவா, அப்பொருள் முழுமைக்குமான நிறைவான சட்டத்தை அமைக்க நாடாளுமன்றம் கருதியதா, இரண்டும் ஒரே களத்தில் செயற்படுகின்றனவா.

4. காலம். கேரளச் சீட்டு நிறுவனம் ஒன்றின் வழக்கில் (2012), நடுவண் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் அன்று, அது இயற்றப்பட்ட நாளிலேயே முரண்பாடு பிறந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. கேரளத்தில் நடுவண் சீட்டு நிதிச் சட்டம், 1982 அப்போது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. இருந்தும் மாநிலச் சட்டம் அதற்கு இடம்கொடுக்க நேர்ந்தது.

5. ஒப்புதல். மேற்கண்டவற்றில் முரண் உறுதியானால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் உண்டா என்பதும், அதன் பின் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதா என்பதும் பார்க்கப்படும்.

தமிழ்நாட்டு வழக்குகள்

கருணாநிதி வழக்கு (1979)

முரண்பாடு பற்றி இந்தியாவெங்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளுள் ஒன்று தமிழ்நாட்டில் இருந்து எழுந்தது. பொது வாழ்வில் உள்ளோரின் ஊழலை விசாரிக்கத் தமிழ்நாடு 1973 இல் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 1977 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இதற்கிடையே முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதி மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குத் தொடரப்பட்டது. மாநிலச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது நடுவண் சட்டங்கள் தமிழ்நாட்டில் வழக்கொழிந்துவிட்டன, மாநிலச் சட்டம் நீக்கப்பட்டதால் அவை மீண்டும் உயிர்பெறா என்பது அவர் தரப்பு வாதம்.

உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு இதனை ஏற்கவில்லை. இரு சட்டங்களும் அருகருகே செயற்படக்கூடியவை. மாநிலச் சட்டம் தனி வகைக் குற்றங்களை உருவாக்கியது. ஆகவே முரணே இல்லை என்றது. முரண் உண்டு என்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும், இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்க இயலாத அளவுக்கு மோதல் தெளிவாக இருக்க வேண்டும் என்னும் நெறிகள் இத்தீர்ப்பில் வகுக்கப்பட்டன. அதாவது, மாநிலச் சட்டத்தைக் காப்பாற்றும் வழி ஏதேனும் இருந்தால் நீதிமன்றம் முதலில் அதனையே தேட வேண்டும்.

வைப்பாளர் பாதுகாப்புச் சட்டம் (2011)

1990களில் தனியார் நிதி நிறுவனங்கள் பல மக்களின் வைப்புத்தொகையைத் திருப்பித் தராமல் மூடப்பட்டன. இதனையடுத்துத் தமிழ்நாடு 1997 இல் நிதி நிறுவன வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வங்கித் தொழிலும் நிறுவனச் சட்டமும் நடுவண் பட்டியலில் உள்ளவை என்று கூறி இச்சட்டம் எதிர்க்கப்பட்டது. கே. கே. பாஸ்கரன் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம், ஏமாற்றப்பட்ட வைப்பாளர்களைக் காப்பதே இச்சட்டத்தின் மையப் பொருள் என்று கூறி அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. மேலே கூறிய இரண்டாம் படிக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

சல்லிக்கட்டு (2009–2023)

ஒரே பொருளில் ஒப்புதல் இல்லாத சட்டமும் ஒப்புதல் பெற்ற சட்டமும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைச் சல்லிக்கட்டு வழக்குகள் காட்டுகின்றன. விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுப்பது பொதுப் பட்டியலின் 17 ஆம் பதிவு. அப்பொருளில் 1960 ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாடு 2009 இல் சல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறப்படவில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், அச்சட்டம் நடுவண் சட்டத்தோடு முரண்படுகிறது என்று கூறி, 254 ஆம் உறுப்பின் முதல் உட்பிரிவின்படி அதனைச் செல்லாததாக்கியது.

2017 சனவரியில் சென்னை மெரீனா கடற்கரையிலும் மாநிலத்தின் பிற இடங்களிலும் பெரும் போராட்டங்கள் நடந்தன. சனவரி 21 அன்று அவசரச் சட்டமும், சனவரி 23 அன்று சட்டமன்றத்தில் திருத்தச் சட்டமும் வந்தன. இம்முறை தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. 1960 ஆம் ஆண்டின் நடுவண் சட்டமே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தப்பட்டு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெறப்பட்டது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இத்திருத்தம் செல்லும் என்றது.

நில எடுப்பு (2013–2021)

நில எடுப்பும் பொதுப் பட்டியலில் உள்ளது. 2013 இல் நாடாளுமன்றம் இயற்றிய நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தனியார் நிறுவனங்களுக்காக நிலம் எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் இசைவு வேண்டும் என்றது. ஆதி திராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978 ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997 ஆம் ஆண்டுச் சட்டம், நெடுஞ்சாலைகளுக்கான 2001 ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய தமிழ்நாட்டின் மூன்று சட்டங்களில் இத்தகைய ஏற்பாடுகள் இல்லை. இவற்றைத் தொடர விரும்பிய தமிழ்நாடு, நடுவண் சட்டத்தில் 105அ என்னும் பிரிவை மாநிலத் திருத்தமாகச் சேர்த்தது. இழப்பீடு நடுவண் சட்டத்தின்படி அமையும் என அதில் கூறப்பட்டது.

2019 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம், நடுவண் சட்டம் இயற்றப்பட்ட 2013 செப்டம்பரிலேயே மூன்று மாநிலச் சட்டங்களும் செல்லாதவையாகிவிட்டன, 105அ பிரிவால் அவற்றை உயிர்ப்பிக்க இயலாது என்றது. தமிழ்நாடு அதே ஆண்டில், அச்சட்டங்களை முன்தேதியிட்டு உயிர்ப்பிக்கும் புதிய சட்டத்தை இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2021 சூன் 29 அன்று சி. மோகன்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. இங்கு மாநிலச் சட்டம் வென்றது. நிலம் இழப்போரோ நடுவண் சட்டம் அளித்த இசைவு உரிமையையும் தாக்க மதிப்பீட்டையும் இழந்தனர். எச்சட்டம் மேலோங்குகிறது என்பது அரசுகளுக்கு இடையிலான போட்டி மட்டுமன்று என்பதற்கு இவ்வழக்கு சான்று.

மருத்துவக் கல்விச் சேர்க்கை

தமிழ்நாடு 2006 இல் இயற்றி 2007 இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற சட்டத்தின் மூலம் தொழிற்கல்விப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வை நீக்கியது. சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களின் அடிப்படையில் நடந்தது. 2016 இல் நாடாளுமன்றம் இந்திய மருத்துவக் குழுமச் சட்டத்தைத் திருத்தி நாடு முழுமைக்குமான நுழைவுத் தேர்வைக் (நீட்) கட்டாயமாக்கியது. அவ்வாண்டு மாநில அரசு இடங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. 2017 முதல் தமிழ்நாட்டிலும் தேர்வு கட்டாயமானது. ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டமும் பின்னர் வந்த நடுவண் சட்டத்தின் முன் நிற்க இயலாது என்னும் வரம்புவிதி இங்கு செயற்பட்டது. பின்னர் அவ்விதி தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019 இன் 14 ஆம் பிரிவாகத் தொடர்ந்தது.

விலக்குக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2017 இல் நிறைவேற்றிய சட்டமுன்வரைவுகளுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021 செப்டம்பரில் நிறைவேற்றிய முன்வரைவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று சட்டமன்றம் அதனை மீண்டும் நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நடுவண் சட்டத்துக்கு முரணாகாமல் மாநிலம் செயற்படும் இடமும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் 2020 ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கவில்லை. தேர்வில் தகுதி பெற்றோருக்குள் ஒதுக்கீடு செய்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது.

பூந்தமல்லி நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு

முன்னாள் பிரதமர் இராசீவ் காந்தி 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்டார். நடுவண் புலனாய்வுச் செயலகம் (சிபிஐ) விசாரித்த இவ்வழக்கு, தடா என அறியப்பட்ட நடுவண் சட்டத்தின் கீழ்ப் பூந்தமல்லியில் அமைந்த சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. 1998 சனவரி 28 அன்று அந்நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தடாச் சட்டத்தின் கீழான தண்டனைகளை நீக்கி, 19 பேரை விடுவித்தது. நால்வரின் மரண தண்டனை உறுதியானது. மூவருக்கு ஆயுள் தண்டனை வழங்கப்பட்டது.

2014 பிப்ரவரி 18 அன்று, அப்போது மரண தண்டனையில் எஞ்சியிருந்த மூவரின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மறுநாள் தமிழ்நாடு அரசு எழுவரையும் விடுவிக்க முடிவெடுத்து, நடுவண் அரசின் கருத்தை மூன்று நாளில் தெரிவிக்கக் கோரியது. நடுவண் அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 435 ஆம் பிரிவு, நடுவண் புலனாய்வு அமைப்பு விசாரித்த வழக்குகளில் தண்டனையைக் குறைக்குமுன் மாநில அரசு நடுவண் அரசைக் 'கலந்தாலோசிக்க' வேண்டும் என்றது. இங்கு மோதியவை இரு சட்டங்கள் அல்ல. ஒரு நடுவண் சட்டத்தின் கீழ் இரு அரசுகளின் செயலாட்சி அதிகாரங்களே மோதின.

சிறீகரன் வழக்கில் 2015 திசம்பர் 2 அன்று அரசியலமைப்பு அமர்வு அளித்த தீர்ப்பின்படி, இப்பிரிவில் உள்ள 'கலந்தாலோசனை' என்பது 'இசைவு' என்றே பொருள்படும். நடுவண் அரசு இசையாவிட்டால் மாநிலம் அப்பிரிவின் கீழ் விடுவிக்க இயலாது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 477 ஆம் பிரிவில் 'இசைவு' என்னும் சொல்லே நேரடியாக இடம்பெற்றுள்ளது.

ஆயினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. 2018 செப்டம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை, அரசியலமைப்பின் 161 ஆம் உறுப்பின் கீழ் எழுவரையும் விடுவிக்குமாறு ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. இது நாடாளுமன்றச் சட்டம் அளித்த அதிகாரமன்று. அரசியலமைப்பே மாநில ஆளுநருக்கு அளித்த மன்னிப்பு அதிகாரம். பரிந்துரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் இருந்து, பின்னர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தவறு என்றது. பொதுப் பட்டியல் பொருள்களில் அரசியலமைப்போ நாடாளுமன்றச் சட்டமோ வெளிப்படையாகக் கூறினாலன்றி நடுவணின் செயலாட்சி அதிகாரம் மாநிலத்துக்குள் நீளாது என்னும் 73 ஆம் உறுப்பின் வரம்பை நினைவூட்டியது. கொலைக் குற்றத்தைப் பொறுத்தவரை அத்தகைய வெளிப்படையான ஏற்பாடு இல்லை. அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று கூறி, 142 ஆம் உறுப்பைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. எஞ்சிய அறுவரும் 2022 நவம்பர் 11 அன்று விடுவிக்கப்பட்டனர். ஒரே வழக்கில் நடுவண் சட்டத்தின் முதன்மையும் அதன் எல்லையும் வெளிப்பட்டன.

மாநிலம் முன்னே சென்ற நேர்வுகள்

இரண்டாம் உட்பிரிவு மாநிலங்களுக்குத் தற்காப்பாக மட்டுமன்றி, புதியன செய்யும் வழியாகவும் இருந்துள்ளது.

- 1967 ஆம் ஆண்டின் இந்துத் திருமணத் (தமிழ்நாடு) திருத்தச் சட்டம், நடுவண் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது.
- தொழிற்தகராறுகள் சட்டத்துக்கான 1988 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி அரசின் அனுப்பாணைக்குக் காத்திராமல் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுக வழிசெய்தது. அம்பத்தூர் போன்ற தொழில் நகரங்களின் தொழிலாளர்களுக்கு இது பெரும் வேறுபாட்டை உண்டாக்கியது. நாடாளுமன்றம் இத்தகைய உரிமையை 2010 இல் நாடு முழுமைக்கும் அளித்தது.
- 1989 மார்ச் 25 முதல் செயற்பட்ட இந்து வாரிசுரிமைத் (தமிழ்நாடு) திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு இணையான உரிமை தந்தது. அந்நாளுக்கு முன் திருமணமானவர்களை மட்டும் விலக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த நடுவண் திருத்தத்தில் அத்தகைய விலக்கு இல்லை. பிந்திய நடுவண் சட்டம் மேலோங்குவதால், முன்பு விடுபட்ட மகள்களும் உரிமை பெற்றனர்.

முதன்மை விரிவடையும் பிற வழிகள்

மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் சூழல்கள் உள்ளன. மாநிலங்களவை மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையோடு தேசிய நலன் கருதித் தீர்மானித்தால் (உறுப்பு 249), நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தால் (250), இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் கேட்டுக்கொண்டால் (252), பன்னாட்டு உடன்படிக்கையை நிறைவேற்ற வேண்டியிருந்தால் (253) இவ்வதிகாரம் கிடைக்கிறது.

மறுபுறம், 2016 ஆம் ஆண்டின் 101 ஆவது திருத்தத்தால் வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் நிலைமை வேறு. 246அ உறுப்பு இரு சட்டமன்றங்களுக்கும் ஒருசேர அதிகாரம் தருகிறது. அங்கு 254 ஆம் உறுப்பின் முதன்மை விதி பொருந்தாது என 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது.

திறனாய்வுகள்

இவ்விதியை ஆதரிப்போர், ஒரு நாட்டுக்குள் தொழிலும் வணிகமும் தடையின்றி நடக்கவும் குற்றம், கல்வித் தரம் போன்றவற்றில் ஒருமை நிலவவும் இது தேவை என்பர். எதிர்ப்போர், பொதுப் பட்டியல் பெயரளவில் பொதுவாக இருந்தாலும் நாடாளுமன்றம் நுழைந்த களத்தில் மாநிலம் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிலையே உள்ளது என்பர்.

தமிழ்நாடு அரசு 1969 இல் அமைத்த இராசமன்னார் குழு 1971 இல் தன் அறிக்கையை அளித்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. நடுவண் அரசு 1983 இல் அமைத்த சர்க்காரியா ஆணையம், பொதுப் பட்டியல் பொருள்களில் சட்டம் இயற்றுமுன் மாநிலங்களைக் கலந்தாலோசிக்கப் பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி குரியன் சோசப்பின் தலைமையில் மற்றொரு குழுவை அமைத்தது.

ஒப்புதலுக்கான காலம் நீண்ட காலமாகவே பூசலுக்கு உரியது. 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாடு ஆளுநர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கால வரம்புகளை விதித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துரைக்கு 2025 நவம்பர் 20 அன்று விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அத்தகைய கால வரம்பை விதிக்க இயலாது எனக் கருத்துரைத்தது. எனினும் ஆளுநர் காரணமின்றி முடிவில்லாமல் காலம் தாழ்த்தினால் வரம்புக்கு உட்பட்ட நீதிமன்ற ஆய்வு உண்டு என்றது. 254 ஆம் உறுப்பின் இரண்டாம் உட்பிரிவு மாநிலங்களுக்கு எவ்வளவு பயன்படும் என்பது ஒப்புதல் கிடைக்கும் வேகத்தையும் பொறுத்ததாகவே உள்ளது.

பிற நாடுகளில்

- ஐக்கிய அமெரிக்கா: அரசியலமைப்பின் 6 ஆம் உறுப்பு, கூட்டாட்சிச் சட்டமே நாட்டின் உயர்ந்த சட்டம் என்கிறது. மாநிலச் சட்டத்துக்கு ஒப்புதல் பெற்று விலக்குப் பெறும் இந்திய முறைக்கு ஈடான பொது ஏற்பாடு அதில் இல்லை.
- ஆத்திரேலியா: அரசியலமைப்பின் 109 ஆம் பிரிவு 254 ஆம் உறுப்பின் முதல் உட்பிரிவை ஒத்தது. இந்திய நீதிமன்றங்கள் ஆத்திரேலியத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டியுள்ளன.
- மலேசியா: அரசியலமைப்பின் 75 ஆம் உறுப்பின்படி கூட்டரசுச் சட்டம் மாநிலச் சட்டத்துக்கு மேலோங்கும்.
- இலங்கை: ஒற்றையாட்சி நாடு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கி மூன்று பட்டியல்களை வகுத்தது. மாகாணப் பட்டியலில் உள்ள பொருளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற விரும்பினால் முன்வரைவை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். சபைகள் இசையாவிட்டாலும் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் அதனை நிறைவேற்றலாம்.

இவற்றையும் பார்க்க

- இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை
- இந்தியாவில் நடுவண்–மாநில உறவுகள்
- மாநிலத் தன்னாட்சி
- இராசமன்னார் குழு
- சர்க்காரியா ஆணையம்
- சல்லிக்கட்டு